நாங்கள் வெட்டிய வரி

சிதம்பரத்தில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையில் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நாவலில் உத்திகள் பாத்திரங்களை எப்படி உருவாக்குகின்றன, கதையின் பொருளை எப்படி மாற்றுகின்றன என்பது தலைப்பு. வாழ்நாள் முழுக்க ஒரு பதிப்பகத்தில் உட்கார்ந்து பிறத்தியார் நாவல்களைத் திருத்தியவள் என்பதால் இந்த அம்மாவுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நானும் விடவில்லை. கதைசொல்லி, பார்வைக் கோணம், மௌனம், காட்சி வரிசை என்று ஒரு மணி நேரம் அளந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒரு கேரக்டர் நல்லவங்களா கெட்டவங்களான்னு யாரு முடிவு பண்றது? எழுதுறவங்களா, எடிட் பண்றவங்களா?" என்று கேட்டாள். "அட்டையில யார் பேரு இருக்கோ அவுங்கதாம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

ஆட்டோவில் வரும்போதே மனசு நெருடியது. நல்ல கேள்வியைச் சிரிப்புக் காட்டி மழுப்பிவிட்டேன். அதற்கடுத்த வாரம் புவனகிரியிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தது. அதன் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு மெய்ப்புப் பார்க்கத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு சிதம்பரத்தில், பதிப்பகம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். என் பாதி ஆயுள் அந்த பஸ்ஸிலேயே போயிற்று. ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு அத்தியாயம், பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இன்னொன்று. நின்றுகொண்டே மெய்ப்புப் பார்க்கிற வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "ஏம்மா, நீ வாசிச்சா காதுக்கு உறுத்தல. நாளையிலேர்ந்து மேல வந்துடு" என்றார். பதவி உயர்வு என்றால் அவ்வளவுதான்.

முதலாளி பெயர் தணிகாசலம். நாங்கள் சார் என்போம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தை அப்பாவிடமிருந்து வாங்கி, யார் சொல்லியும் கேட்காமல் நாவல் போட ஆரம்பித்தவர். உத்தி என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுருங்கும். யாராவது எழுத்தாளர் என் நாவலில் புது உத்தி ஒன்றைக் கையாண்டிருக்கிறேன் என்று ஆரம்பித்தால், "சைக்கிள் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு? ஓட்டும்போது பெடலப் பத்தியா பேசிக்கிட்டுப் போவீங்க?" என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

அவருடைய முறை ஒன்றே ஒன்றுதான். அச்சுக்குப் போகுமுன் நாவல் முழுவதையும் சத்தமாக வாசிக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், மாடி அறையில். சத்தம் இடைஞ்சல் என்று ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலிலும் நிறுத்துவார். எழுதினவர் எதிரே உட்கார வேண்டும். சார் கண்ணை மூடிக்கொண்டு வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போடுவார். நான் வாசிப்பேன். ஏற்ற இறக்கம் காட்டி வாசிக்கக் கூடாது. "நடிக்காத. நீ அழுதுட்டா எழுதுனவன் தப்பிச்சுக்குவான்" என்பார். எங்கேயாவது இடித்தால் ஒரு விரலைத் தூக்குவார். நான் நிறுத்துவேன். அவர் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். யாரு பாக்குறா? எங்க நிக்கிறா? கையில என்ன இருக்கு?

முதலில் எனக்கு இது போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. பிச்சாவரத்தை வைத்து ஒருவர் எழுதிய நாவல் வந்தபோதுதான் புரிந்தது. எழுதியவர் சென்னையில் பெரிய வேலையில் இருந்தவர். கதாநாயகன் இறால் பிடிக்கிறவன். முதல் அத்தியாயத்தில் சுரபுன்னை இலைகளின் மேல் காலை வெயில் விழும் அழகை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். சார் விரலைத் தூக்கினார்.

"இதை யாரு பாக்குறா?"

"மாரி சார். ஹீரோ."

"அவன் எதுக்கு வந்திருக்கான்?"

"இறால் பிடிக்க."

"எறா புடிக்க வந்தவன் எலையில வெயில் வுழறதையா பாத்துக்கிட்டு நிப்பான்? தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாப்பான். இது நீங்க படகுல போய்ப் பாத்தது. அவன் கண்ண அவன்கிட்ட திருப்பிக் குடுங்க."

அந்த மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார். ஆனால் திருத்தி எழுதி அனுப்பினார். புதிய அத்தியாயத்தில் வெயில் இல்லை, இலை இல்லை. இடுப்பளவு தண்ணீரில் மாரி சேற்றுக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே, தண்ணீர் சட்டைப் பொத்தானில் எதுவரை ஏறியிருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பார்க்கிறான். அவ்வளவுதான். அவன் ஏழை என்றோ, தொழில் தெரிந்தவன் என்றோ, பயந்தவன் என்றோ எங்கேயும் எழுதவில்லை. மூன்றும் தெரிந்தது. ஒருவர் கண் எதன்மேல் விழுகிறது என்பதை வைத்தே ஆளைச் செய்துவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு நாவலில் நண்பன் ஒருவன் கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவான். எழுதியவர் அதை ரகசியமாக வைத்திருந்து கடைசியில் அவிழ்த்திருந்தார். சார் அந்தச் சாவைத் தூக்கி முதல் வரியில் வைக்கச் சொன்னார். எழுதியவர் அழாத குறை. மாற்றியபின் மறுபடி வாசித்தேன். நடுவில் ஒரு இடம் வருகிறது. அந்த நண்பன் கடைத்தெருவில் செருப்பு வாங்குகிறான். நாள்பட உழைக்கட்டும் என்று கெட்டித் தோலாகப் பார்த்துப் பொறுக்குகிறான். முன்பு அதே பக்கத்தைச் சாதாரணமாக வாசித்தவள்தான் நான். இந்த முறை பாதி வரியில் நிறுத்திவிட்டேன். சார் கண்ணைத் திறக்காமலே கடலையை உடைத்தார். "வார்த்தைய மாத்துனோமா? எடத்ததான மாத்துனோம்" என்றார்.

இப்படிப் பல நாவல்கள். எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை, எனக்கு ஞாபகமும் இல்லை. மறக்க முடியாதது ஒன்றுதான். இனி வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வளர்மதி எனக்கு முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தாள். "அக்கா, வணக்கம். புவனகிரி பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். நாவல் எழுதியிருக்கேன். அனுப்பலாமா?" பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், கைப்பேசியிலேயே தட்டித் தட்டி எழுதியிருக்கிறாள். அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினாள். நான் எடுத்து அச்சிட்டு பஸ்ஸில் வாசித்தேன். கடலூர் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து எழுப்புவதுபோலச் சொல்லி இறக்கிவிட்டார்.

நேரில் வந்தபோது, "கதைதான்க்கா. ஆனா நடந்தது" என்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சேகர் இறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாமியார் அஞ்சலையோடு அதே வீட்டில்தான் இருந்தாள்.

நாவலின் மையம் ஒரே ஒரு காலைப்பொழுது. வீட்டில் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் அறையில் கதைசொல்லியின் புருஷன் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்திருக்கிறான். மாமியார் அதை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் வீட்டில் ஒருவன் நோவு என்று படுத்தால் அபசகுனம் என்று சம்பந்தம் கலைந்துவிடும். வாய்வுப் பிடிப்பு என்று சோடாவில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து சபையில் உட்கார்ந்துகொள்கிறாள். தட்டு மாற்றி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் உயிர் இல்லை. நாவல் முழுக்க "நான்" என்று மருமகள்தான் சொல்கிறாள். மாமியார் வரும் இடமெல்லாம் "கிழவி" என்றுதான் இருந்தது.

மாடி அறையில் வாசித்த அன்று வளர்மதி எதிரே உட்கார்ந்திருந்தாள். பத்துப் பக்கம் போனதும் சார் விரலைத் தூக்கினார்.

"இந்த அம்மாவுக்குப் பேரே இல்லையா?"

"கிழவின்னு வச்சிருக்கேன் சார்."

"அது வசவு. பேரைக் கேக்குறேன்."

வளர்மதி குனிந்துகொண்டாள். நான் தொடர்ந்து வாசித்தேன். அந்தக் காலைப்பொழுது வந்தது. அந்தப் பத்தி எனக்கு இன்னமும் மனப்பாடம். "கிழவி கையில் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். உப்புப் போட்ட சோடாவின் நுரை இன்னும் அடங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது டம்ளர் காலி. முந்தானையைச் சரிசெய்துகொண்டு சபையைப் பார்த்துச் சிரித்தாள்."

விரல் எழுந்தது.

"இப்போ நீ எங்கம்மா நிக்கிற?"

"நானா சார்?"

"கதையில வர்ற நான்."

"கூடத்துலதான் சார். வந்தவங்களுக்குக் காபி குடுத்துக்கிட்டு."

"கூடத்துக்கும் அறைக்கும் எவ்ளோ தூரம்?"

"நடுவுல நீளமா ஒரு நடை இருக்குது சார்."

சார் கண்ணைத் திறந்தார். "அப்போ டம்ளர் தெரியும். சிரிச்சது தெரியும். நுரை தெரியாது. உப்புப் போட்டா பொங்கி, பட்டுனு அடங்கிடும். கிட்டக்க நின்னாத்தான் கண்ணுல படும்."

வளர்மதி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் இல்லாத அறையில் எல்லாருக்கும்தான் வேர்த்தது. அவளுக்கு மேலுதட்டில் முத்து முத்தாக நின்றது. "எடுத்துடுங்க சார்" என்றாள். நான் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். இம்மாதிரி இடங்களைப் பிடிப்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. கீழே வந்ததும் கணினியில் இருந்த பெண்ணிடம், "சாருக்கு இருக்கறது காது இல்ல, கண்ணு" என்று சொல்லிச் சிரித்தேன்.

வாசிப்பு முடிந்ததும் சார் சொன்னது இதுதான். கிழவிக்கு ஒரு பெயர் வேண்டும். ஒரு அத்தியாயமாவது அவள் மனசுக்குள்ளிருந்து வர வேண்டும்.

வளர்மதிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அவுங்க மனசுக்குள்ள நான் எதுக்கு சார் போவணும்? அவுங்க என்னிக்காவது என் மனசுக்குள்ள வந்தாங்களா?"

"வரலைன்னுதான நாவல் எழுதுற. நீயும் போகலைன்னா இது நாவல் இல்ல, புகார் மனு. அதுக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கு."

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

பல மாதம் கழித்து அந்த அத்தியாயம் வந்தது. கிழவி இப்போது பட்டம்மாள். அவள் சமையலறையில் நின்று சோடாவைத் திறக்கிறாள். மகன் ராத்திரி முழுக்கப் பந்தல் போடுகிறவர்களோடு நின்றதும், வெறும் வயிற்றில் பக்கோடா தின்றதும் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு இப்படித்தான் வாய்வு பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறாள். அறைக்குள் போய்க் கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா. நீ போ. தட்ட மாத்துங்க, நான் எழுந்து வரேன்" என்கிறான். அவள் நிம்மதியாக வெளியே வந்து சிரிக்கிறாள்.

முந்தானையைச் சரிசெய்வது, சிரிப்பது எல்லாம் பழைய நாவலில் இருந்த அதே செய்கைகள். ஒரு சொல் மாறவில்லை. முதலில் மருமகள் கண் வழியாகப் பார்க்கும்போது அது கல்நெஞ்சக்காரியின் சிரிப்பு. இந்த அத்தியாயத்துக்குப் பிறகு அதே சிரிப்பை வாசிக்கவே முடியவில்லை. அவ்வளவு பாவமாக இருந்தது. நான் ஆனந்தப்பட்டுப்போனேன். தொழிலில் இருப்பவர்களுக்கு வருகிற ஆனந்தம் அது. கல்லூரியில் போன மாதம் உதாரணம் காட்டியதும் இந்த அத்தியாயத்தைத்தான்.

வளர்மதி முகத்தில் மட்டும் களையே இல்லை. "கோவம் இருந்தவரைக்கும் தூங்கிட்டிருந்தேன்க்கா. இத எழுதுனதுலேர்ந்து தூக்கம் போயிடுச்சு" என்றாள். நல்லா எழுதினால் அப்படித்தான் ஆகும் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அப்போது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். அத்தை கேட்டுச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குக் கொடுப்பாள். ஊரில் நாலு பேர் வாசிப்பார்கள், யார் வீட்டுக் கதை என்று எல்லாருக்கும் தெரியும். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. "என் வாயால அவுங்க எதிர்ல வாசிக்க முடியாது. நீங்கதான் அழாம வாசிக்கிறவங்க" என்றாள்.

ஒரு சனிக்கிழமை புவனகிரிக்குப் போனேன். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டை வருகிறது என்று வளர்மதி கிளம்பிவிட்டாள். அஞ்சலை கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், பார்த்தால் பத்து வயது கூடத் தெரியும். நல்ல உயரம். பேச்சில் குழைவு கிடையாது.

"வாசிம்மா. காது கேக்கும். கை வேலையப் பாக்கும்."

வாசித்தேன். மகன் சாவு முதல் பக்கத்திலேயே வந்துவிடும், அப்படித்தான் வரிசையை மாற்றியிருந்தோம். முறம் ஒரு முறை நின்றது, மறுபடி ஆடத் தொடங்கியது. கிழவி என்று எழுதியிருந்த இடங்களில் இப்போது பட்டம்மாள் என்று இருந்தது. இருந்தாலும் அவர் புரிந்துகொண்டுதான் கேட்டார். மாமியாரைத் திட்டுகிற இடங்களில், "ஆமா, சொன்னேன்தான்" என்று தலையாட்டினார். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். பட்டம்மாள் சமையலறையில் நிற்கும் அத்தியாயத்துக்கு வந்தேன். மகன், "ஒண்ணுமில்லம்மா, நீ போ" என்று சொல்கிற இடத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். அந்த அத்தியாயம் முடியும்வரை அதை எடுக்கவில்லை.

நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"இந்தப் பட்டம்மா ரொம்ப நல்லவங்கம்மா. நான் அவ்ளோ நல்லவ இல்ல."

நான் தாள்களிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன்.

"வாய்வுன்னு நான் நெனைக்கல. அவுங்க அப்பாவுக்கும் இப்படித்தான் வேர்த்து ஊத்துச்சு. கட்டில்ல கைய வச்சேன், பாய் நனஞ்சிருந்துச்சு. பாத்தவொடனே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அவன் நீ போன்னு சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னு கேட்டான். செத்த பொறுடா, தட்டு மாத்திடட்டும்னு சொன்னேன். பொண்ணுக்கு வயசு ஏறிக்கினே போச்சு. மூணு எடம் தட்டிப்போயி நாலாவதா வந்தவங்க. அந்த வாசப்படிய அவுங்க தாண்டிப் போயிட்டா மறுபடி ஒருத்தனும் வரமாட்டான்னு பயந்தேன். கடசியில எந்த சம்மந்தத்துக்காகப் புள்ளயப் பொறுக்கச் சொன்னனோ, அவுங்களே சாவு வுழுந்த வூடுன்னு வேணாம்னுட்டாங்க. பொண்ண அப்புறம் வேற எடத்துலதான் குடுத்தோம்."

அழுகிற மாதிரி சொல்லவில்லை. சந்தை நிலவரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வளர்மதிக்கு இது..." என்று இழுத்தேன்.

"அவ கூடத்துல காபி குடுத்துக்கினு இருந்தா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார் உடனே. "நீயும் சொல்லாத. அச்சுப் போட்டுக்கச் சொல்லு. எனக்கு சம்மதம். அவ அந்தப் பட்டம்மா கூடவே இருந்துட்டுப் போவட்டும். என்கூட எப்படி இருப்பா?"

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வளர்மதி வந்ததும், "நல்லா எழுதியிருக்கடி. போட்டுக்க" என்று மட்டும் சொன்னார். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. வழி முழுக்க பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அத்தியாயத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "புஸ்தகத்துல இருக்கறது அந்தப் பொண்ணு செஞ்ச அம்மா. வூட்டுல இருக்கறது வேற அம்மா. நம்ம வேலை புஸ்தகம். கலக்காத." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த நுரை எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்றார். எதற்கு இன்னமும் அதைப் பிடித்துத் தொங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

புத்தகம் வந்தது. ஊரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, ஆனாலும் வாசித்தவர்கள் பட்டம்மாளைப் பற்றி எனக்கும் அவளுக்கும் எழுதினார்கள். மாமியாரை மன்னிக்கத் தெரிந்த எழுத்து என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். வளர்மதி அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. கேட்டால் நேரமில்லை என்பாள். பிறகு சார் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை மாடி அறையில் ஃபேன் ஓடவே இல்லை. நான் ஓய்வுபெற்றேன். கல்லூரியில் பேசினேன். அந்தப் பெண் கேள்வி கேட்டாள். அடுத்த வாரம் அஞ்சலை இறந்துபோனார்.

சாவுக்குப் போக முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாத்தனார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போனாள். வளர்மதி தலையில் நரை ஓடியிருந்தது. கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"கடசி ஒரு வருஷம் படுக்கையிலதான்க்கா. நான்தான் எல்லாம் செஞ்சேன். ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல" என்றாள். பிறகு, "அன்னிக்கு நீங்க வாசிச்சப்போ அத்தை என்ன சொன்னாங்க? அச்சுப் போட்டுக்கன்னு சொன்னது மட்டும்தானா?" என்று கேட்டாள்.

அவள் இதைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லாதே என்றவர் போய்விட்டார். இவள் என் முகத்தையே பார்க்கிறாள். இத்தனை வருஷம் சுமந்தது போதும் என்று எனக்கும் தோன்றியது. வேர்வை நனைத்த பாயைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று சேகர் கேட்டதைச் சொன்னேன். அவள் கத்துவாள், படத்தைத் தூக்கிப் போடுவாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் அசையவில்லை. "உன்னப் பத்திக் கேட்டேன். நீ கூடத்துல காபி குடுத்துக்கிட்டு இருந்த, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க" என்று முடித்தேன்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். ஆறுதலாகத் தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்கக்கா. சாவற வரைக்கும் எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல."

எழுந்து நடந்தாள். நானும் பின்னால் போனேன். கூடத்தைத் தாண்டி அந்த நடை. நடையின் முடிவில் ஒரு அறை. நாவலில் எத்தனையோ முறை வாசித்த அறை. கட்டில் இன்னும் கிடந்தது. வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சோடா வாங்கியாந்தது நான். உப்புப் போட்டது நான். இங்க நின்னுதான் அத்தை கையில குடுத்தேன். பொங்கி என் விரல்ல வழிஞ்சுது. அவரு அத்தையப் பாத்துக் கேக்கலக்கா. என்னப் பாத்துத்தான் கேட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு. நான் அத்தை மூஞ்சியப் பாத்தேன். அவுங்க பொறுடான்னாங்க. நான் காபித் தட்ட எடுத்துக்கிட்டு கூடத்துக்குப் போயிட்டேன்."

எனக்கு மாடி அறை ஞாபகம் வந்தது. விரல் தூக்கியவரும், சிவப்புப் பேனாவும், அவள் மேலுதட்டு வேர்வையும். அந்த நாவலில் கொஞ்சம்கூடப் பூசி மெழுகாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். கதைசொல்லி தான் நின்ற இடத்தைத் தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்திருந்தாள். அதைப் பிழை என்று நாங்கள் எடுத்தோம். அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு கூடத்தைக் கட்டிக் கொடுத்தோம். பட்டம்மாளை நல்லவளாக்கியதும் மன்னிப்பினால் இல்லை. மாமியாருக்குத் தெரியவில்லை என்றால்தான் மருமகளுக்கும் தெரியாமல் இருக்க முடியும். உத்திகள் நாவலில் என்ன செய்கின்றன என்று மேடையில் பேசினேனே, இதுதான் செய்தன. இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்திக்குத் தெரியாது என்று மற்றவள் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அந்த நாளை எங்கள் புத்தகம் வரவிடாமல் செய்துவிட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். கல்லூரியில் ஒரு பெண் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவளுக்குப் பதில் எழுத வேண்டும், உன் கதையைச் சொல்லாமல் எழுத முடியாது, எழுதலாமா என்று கேட்டேன். வளர்மதி யோசித்தாள். நாத்தனாருக்குத் தெரிய வேண்டாம், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். தெருமுனை வரைக்கும் கூட வந்தாள்.

"எழுதுங்கக்கா. நான் எங்க நின்னேன்னு மட்டும் சரியா எழுதுங்க."

அவள் அறை வாசலில் நின்றாள். கையில் சோடா டம்ளர் இருந்தது. நுரை அடங்கவில்லை.